முல்லாரா கதவு

ஜீலாங்
9 செப்டம்பர் 2018

அன்புள்ள மெர்வ் அண்ணனுக்கு,

உன் தங்கை நோலீன் எழுதுவது. வலது முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது, பெரில் அண்ணி எப்படி இருக்கிறார் என்று எழுது.

போனில் பேசலாம் என்றால் இரண்டாவது நிமிஷமே நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். காகிதத்தை யாரும் அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

விஷயம் இதுதான். வருகிற ஏப்ரலில் எனக்கு எழுபது முடிகிறது. நானும் நீச்சல் குளத்துத் தோழிகள் மூன்று பேரும் டார்வெல்லிலிருந்து பழைய ரயில் பாதை வழியாக மூன்று நாள் சைக்கிளில் போவதாகத் திட்டம் போட்டிருக்கிறோம். ஆமாம், தண்டவாளத்தைப் பிடுங்கி ஜல்லி பரப்பின அதே பாதைதான். உனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்று தெரியும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படி. வசந்தத்தில் வந்தால் மேக்பை பறவை மண்டையைக் கொத்துகிறது. கோடையில் வந்தால் பாம்பு. அதனால்தான் இலையுதிர் காலம், ஏப்ரல்.

பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை இரவு, முல்லாரா வந்துவிடுவோம். அங்கே இருந்த விடுதியையும் மூடிவிட்டார்கள். எழுபது கிலோமீட்டருக்கு இரவு தங்கக் கூரை என்று இருப்பது உன் வீடு ஒன்றுதான். அது நான் பிறந்த வீடும்கூட. "எங்க அண்ணன் வீடு இருக்குடி, கவலைய விடுங்க" என்று அவர்களிடம் பெருமையடித்து வைத்திருக்கிறேன். கட்டில் கேட்கவில்லை. வைக்கோல் கொட்டகை போதும்.

அன்றைக்கு ஊர் மண்டபத்தில் பாதை வேண்டும் என்று நான் எழுந்து பேசியபோது, அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "அந்தம்மா இந்த ஊர்க்காரியே இல்ல. உக்காரச் சொல்லுங்க." இரண்டரை வருஷமாகிறது. நான் மறக்கவில்லை, மறந்த மாதிரி நடிக்கவும் வராது. ஆனாலும் கேட்கிறேன். முடியுமா முடியாதா, ஒரு வரி எழுது.

அண்ணிக்கு என் அன்பு.
நோலீன்


முல்லாரா
1 அக்டோபர் 2018

நோலீனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். பெரிலும் இருக்கிறாள். நலம் விசாரிப்பு முடிந்தது.

முடியாது. நீ கேட்ட ஒரு வரி இதுதான். மீதி நீ கேட்காதது.

ரயில் நின்றுபோன பிறகு முப்பது வருஷம் அந்தத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்த்தவன் நான். உங்கள் பாதை வந்து என் நிலத்தை நடுவில் கிழித்துவிட்டுப் போனது. இப்போது மேய்ச்சல் அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம், நடுவில் வேலிக் கதவு. கோடையில் கதவைத் திறந்து கட்டிவைத்தால் மாடு தானாக வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். இது மாடுகளுக்கே புரிந்துவிட்டது.

ஜனவரியில் உங்கள் பாதைக்குத் திறப்பு விழா நடந்ததே, அந்த சனிக்கிழமை நாற்பத்தொரு டிகிரி வெயில். சைக்கிளில் போன யாரோ ஒரு புண்ணிய ஆத்மா என் கதவை மூடிச் சங்கிலி போட்டுவிட்டுப் போயிருக்கிறது. திங்கள் மத்தியானம்தான் பார்த்தேன். பதினேழு கிடாரிகள். எட்டு செத்துக் கிடந்தன, கம்பிக்குள் மூக்கை நுழைத்தபடியே. தொட்டி அறுபது அடி தூரத்தில். தண்ணீர் வாசனை அடித்திருக்கும். எழுந்திருக்க முடியாமல் கிடந்த மூன்றை நானே சுட்டேன்.

உன்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருப்பார்களே? மண்டபத்தில் அப்படிப் பேசினவள் ஆயிற்றே. போனாயா?

உன் தோழிகளுக்கு வேறு கொட்டகை பார்.

மெர்வ்


ஜீலாங்
12 நவம்பர் 2018

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பதில் எழுத ஆறு வாரமாகிவிட்டது. இங்கே வேலை இருந்தது.

என்னமோ நான் ஒருத்தியே மண்வெட்டி எடுத்துவந்து உன் நிலத்தை வெட்டின மாதிரி எழுதியிருக்கிறாய். அந்த நிலம் எந்தக் காலத்திலும் உன்னுடையது இல்லை, அரசாங்கத்துடையது. அப்பா காலத்திலும் அப்படித்தான். அடுத்த ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் ஒருத்தி ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் விற்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். அரசு தபால் நிலையத்தை மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது டீச்சர் வந்திருக்கிறார். இதெல்லாம் உன் கண்ணில் படாது. தனக்கு இடைஞ்சல் என்றால் ஊருக்கே இடைஞ்சல் என்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நீ.

திறப்பு விழாவுக்குப் போனாயா என்று கேட்டிருந்தாய். எனக்கு அன்றைக்கு வேறு வேலை.

ஒன்று மட்டும் புரியவில்லை. சனியும் ஞாயிறும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? பதினேழு கிடாரிகள் கத்தினால் சமையலறை வரைக்கும் கேட்குமே. எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாயா? அப்புறம் எல்லாப் பழியும் சைக்கிள்காரன் தலையிலா?

தோழிகளுக்கு இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடி யோசித்துப் பார்.

நோலீன்


முல்லாரா
20 நவம்பர் 2018

நோலீனுக்கு,

வேறு வேலை. சரி.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஸ்கோனைப் பற்றி இருக்கிறது, டீச்சரைப் பற்றி இருக்கிறது. செத்துப்போன பதினொரு ஜீவன்களுக்கு "ஐயோ பாவம்" என்று ஒரு சொல் இல்லை. இதே வீட்டில் பாட்டிலில் பால் கொடுத்துக் கன்று வளர்த்தவள் நீ.

நான் எங்கே இருந்தேன் என்பது உனக்கு அவசியமில்லாத விஷயம்.

கதவுக்குப் பக்கத்தில் பலகை எழுதி வைக்கப்போகிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கட்டும்.

இனி எழுத வேண்டாம்.

மெர்வ்


ஜீலாங்
3 ஜனவரி 2019

அண்ணனுக்கு,

புது வருஷ வாழ்த்து. எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். கோபமிருந்தால் படிக்காமல் அடுப்பில் போடு.

நேற்று எங்கள் வீட்டு மேசையில் வரைபடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். எந்த இடத்தில் தண்ணீர் பிடிப்பது, யார் பையில் பஞ்சர் ஒட்டும் பெட்டி என்று ஒரே சண்டை. கிளெனிஸ் பேட்டரி சைக்கிளில் வருவேன் என்கிறாள். "அப்போ நீ எங்க மூட்டையெல்லாம் சுமக்கணும்டி" என்று மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். அப்போது கிளெனிஸ் போனை நீட்டினாள். யாரோ அந்தப் பாதையில் எடுத்துப் போட்ட படம். சிவப்புப் பெயின்டில் உன் கையெழுத்து. 'இந்தக் கதவை மூடியவரே, நீங்கள் கொன்றது பதினொன்று. இரவில் தூக்கம் வருகிறதா?'

"என்னடி இது, தெறந்து கட்டி வச்சிருக்கிற கதவ எந்தக் கூறுகெட்டவளாவது மூடுவாளா?" என்றாள் கிளெனிஸ். "நோலீன், நீ பண்ணையில பொறந்தவ. நீயே சொல்லு, மூடுவாங்களா?"

நான் என்ன சொல்வது? தேநீர் ஊற்றுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பலகையை எடுத்துவிடு. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நின்று படம் எடுக்கிறார்கள். உன் துக்கம் அவர்களுக்கு வேடிக்கை. வெட்கமாக இருக்கிறது, அண்ணா. தயவுசெய்து எடுத்துவிடு.

அண்ணி ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

நோலீன்


முல்லாரா
14 ஜனவரி 2019

அன்புள்ள நோலீன்,

பெரில் எழுதுகிறேன். தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. நானும் பரவாயில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணனுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

நவம்பரில் நீ எழுதியதை அவர் என்னிடம் காட்டினார். 'வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாயா' என்ற வரியைப் படித்துவிட்டு அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. உன்மேல் எனக்கும் கோபம் வந்தது. அதை மறைப்பானேன்?

அந்த சனிக்கிழமை விடிகாலை எனக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தது. வண்டி ஓட்டுகிற நிலையில் அவர் இல்லை, என்னோடுகூட ஏறிக்கொண்டார். எங்கள் வண்டி முற்றத்திலேயே நின்றது. மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் அக்கம்பக்கத்தில் போனை எடுக்க ஒருவரும் இல்லை, எல்லாரும் திறப்பு விழாவில் இருந்தார்கள். "கதவு தெறந்துதான் கெடக்கு, தண்ணி குடிச்சுக்கும்" என்று இரண்டு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை திரும்பி வந்து அதைப் பார்த்தோம்.

"நோலீனுக்குச் சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சொன்னா உடனே கெளம்பி வந்துடுவா" என்றார். வந்தால் என்ன என்று கேட்டேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார். உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் ஒரே மூளை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெரில்


ஜீலாங்
2 பிப்ரவரி 2019

அண்ணா,

அண்ணி எழுதியிருந்தார். அவரைத் திட்டாதே. இரண்டு வாரம் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன், இது ஐந்தாவது.

அந்தக் கதவை மூடினவள் நான்தான்.

வேறு வேலை என்று எழுதியது பொய். விழாவுக்கு வந்திருந்தேன். முல்லாரா வந்ததும் கூட்டத்தை முன்னால் போகவிட்டு வேலிக் கதவில் சைக்கிளைச் சாத்திவைத்தேன். வீட்டைப் பார்த்துவிட்டு எப்படி அண்ணா தாண்டிப் போவேன்? சண்டை முடியட்டும் என்று நினைத்துதான் வந்தேன். வெயிலில் நடந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் வண்டி முற்றத்தில் நின்றது. ஜன்னல் திரை அசைந்தது. பூனையோ காற்றோ, இப்போது யாருக்குத் தெரியும்? நீதான் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே திறக்காமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது, கை வலித்தது.

"உள்ளயே கெடந்து சாவு!" என்று கத்தினேன். அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் இந்த வாயால் அதைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது எனக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு கோபம். வேலிக் கதவு, நாம் ரயில் கதவு என்போமே, அது திறந்து கிடந்தது. ரயில் கதவு என்றால் மூடு. ரயில் ஓடின காலத்தில் அப்பா நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதுதானே? ரயில் இல்லை என்பதே அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. கை தானாகப் போய் மூடிவிட்டது. மூடினதுகூட எனக்கு நினைவில் இல்லை. அக்டோபரில் உன் கடிதத்தைப் படித்தபோதுதான் நினைவு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உன்னையே குற்றம் சொன்னேன். ஸ்கோனைப் பற்றி எழுதினேன்.

ராத்திரி தூக்கம் வருகிறதா என்று பலகையில் கேட்டிருக்கிறாய். வரவில்லை.

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது.

உன் தங்கை
நோலீன்


ஜீலாங்
10 மார்ச் 2019

அண்ணா,

ஐந்து வாரமாகிவிட்டது. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சாரக் கட்டணம்தான் வருகிறது.

தோழிகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிளெனிஸ் வரைபடத்தை எடுத்து மடித்து வைத்தாள். அப்புறம், "கூறுகெட்டவன்னு சொன்னதத் திருப்பி எடுத்துக்க மாட்டேன். ஆனா நீ வராம நாங்க போக மாட்டோம்" என்றாள். முல்லாராவில் தங்கப்போவதில்லை. கூடாரம் வாங்கியாகிவிட்டது. உன் நிலத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் போட்டுக்கொள்வோம். உன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன், பயப்படாதே.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதையும் கோபத்தில்தான் சொல்கிறேன். மண்டபத்தில் நீ என்னை ஊர்க்காரி இல்லை என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால், நான் அன்றைக்குத் திருட்டுத்தனமாக வந்திருக்க மாட்டேன். முந்தின நாளே போன் பண்ணியிருப்பேன். அண்ணிக்குப் பக்கத்தில் நான் இருந்திருப்பேன், மாட்டுக்குப் பக்கத்தில் நீ இருந்திருப்பாய். என் தப்பு பதினொன்று. உன் தப்பையும் கொஞ்சம் எண்ணிப் பார்.

திட்டு. கத்து. சும்மா மட்டும் இருக்காதே. அதைத் தாங்க முடியவில்லை.

நோலீன்


முல்லாரா
24 மார்ச் 2019

நோலீனுக்கு,

முதுகு வலி அப்படியே இருக்கிறது. பெரில் தினமும் தொட்டி வரை நடக்கிறாள், மருத்துவர் சொல்லியிருக்கிறார். உன் முழங்கால் எழுபது கிலோமீட்டர் தாங்குமா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

திட்டச் சொன்னாய். சரி.

1958-இல் நீ அந்தக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாய். இரண்டு மாடு சரக்கு ரயிலில் அடிபட்டது. அப்பாவின் பெல்ட் யார் முதுகில் விழுந்தது? என் முதுகில். அறுபது வருஷம் கழித்து வந்து மூடிவிட்டுப் போனாய், பதினொன்று. திறந்தாலும் கொல்கிறாய், மூடினாலும் கொல்கிறாய். உனக்கும் கதவுக்கும் அப்படி என்னடி ஜென்மப் பகை?

எனக்கு அந்தத் திங்கட்கிழமையே தெரியும். சங்கிலி இரண்டு சுற்று சுற்றி, கொக்கி உள்பக்கம் திருப்பி மாட்டியிருந்தது. மாடு நக்கிக் கழற்றாமல் இருக்க அப்பா போடுகிற முடிச்சு அது. இந்த உலகத்தில் அப்படிப் போடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். விசாரிக்க வந்த கவுன்சில்காரனிடம் "யாரோ சைக்கிள்காரன்" என்று சொல்லி அனுப்பினேன். பெரிலிடம்கூடச் சொல்லவில்லை. நீயே சொல்வாய் என்று பத்து மாதம் காத்திருந்தேன். அப்புறம் பலகை எழுதினேன். ஊருக்காக எழுதவில்லை, உனக்காகத்தான் எழுதினேன்.

என் கதவுவரை வந்துவிட்டு, வீட்டுக்கு வராமல் போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். கிடாரிகளுக்காக ஒரு மடங்கு கோபம் என்றால் அதற்காக மூன்று மடங்கு. நீ வந்து தட்டினாய் என்பது உன் பிப்ரவரிக் கடிதத்தில்தான் தெரிந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். 'அண்ணன் கதவைத் திறக்க மாட்டான் என்று நீ எப்படி நினைக்கலாம்?' என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். அதைப் பெரிலிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அன்னிக்கு நீங்க வீட்ல இருந்திருந்தா தெறந்திருப்பீங்களா?" என்றாள்.

"இதென்ன கேள்வி?" என்றேன்.

"கேள்விதான். தெறந்திருப்பீங்களா?"

ஏழு வாரம் அதனால்தான் ஆயிற்று. பொய் எழுத எனக்கு வராது. நிஜம் எழுத மனம் வரவில்லை.

திறந்திருக்க மாட்டேன், நோலீன். நீ நினைத்தது சரிதான். திரைக்குப் பின்னால் நின்று, நீ கை வலிக்கத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அந்த மனுஷனை உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவன் வீட்டில் இல்லாமல் போனது ஒன்றுதான் வித்தியாசம். மண்டபத்தில் சொன்னதும் அவன்தான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். கிடாரிகளை நான்தான் புதைத்தேன். கோபம் இருக்கிறது, இருக்கும். நீயும் உன் கோபத்தை வைத்துக்கொள்.

கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆற்றங்கரையில் பாம்பு. நாலு கட்டிலுக்கும் பெரில் விரிப்பு துவைத்துவிட்டாள். சனிக்கிழமை ஆட்டுக்கறி, ஆறு மணிக்குச் சாப்பாடு. அந்த பேட்டரிக்காரிக்கு மின்சாரம் இலவசம் கிடையாது என்று சொல்.

வந்தால் கதவைத் தட்டாதே. மத்தியானத்திலிருந்தே நான் வெளியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அண்ணன்
மெர்வ்